கல்லில் இல்லாத பெயர்



நம் வட்டாரத்திலிருந்து காலனியப் போருக்குப் போய் மாண்ட ஒருவரின் வாழ்வை எழுத வேண்டுமானால் எங்கே தொடங்குவது? இன்று சிப்காட் ஆலைகள் நிற்கும் கும்மிடிப்பூண்டி வழியாகவே ஒரு போர் நடந்து போயிருக்கிறது.

1780 ஆகஸ்ட் கடைசியில், குண்டூரிலிருந்து வந்த கர்னல் வில்லியம் பெய்லியின் கம்பெனிப் படை கும்மிடிப்பூண்டியைக் கடந்து கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தது. ஆற்றில் வெள்ளம். அது வடிவதற்குள் செப்டம்பர் பிறந்துவிட்டது. 6ஆம் தேதி பேரம்பாக்கத்தில் திப்பு மறித்தார். 10ஆம் தேதி புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் அப்படையை அழித்தனர். 3,000 பேருக்கும் மேற்பட்ட அந்தப் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். சிறையில் இறந்த பெய்லிக்கு 1816இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நினைவுச்சின்னம் எழுந்தது. சிப்பாய்களோ போர்க்குறிப்புகளில் வெறும் எண்ணிக்கை ஆனார்கள்.

முதல் உலகப் போரிலும் இதுவே நடந்தது. மெசப்பொத்தேமியாவில் மாண்டவர்களுக்காக 1929இல் திறக்கப்பட்ட பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் ஆங்கிலேயர் பெயரும் இந்திய அதிகாரிகள் பெயரும் செதுக்கப்பட்டன. சாதாரண இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுக்கு இத்தனை பேர் என்று எண்ணால் குறிக்கப்பட்டார்கள்.

சென்னைப் படையில் பறையர் மக்கள் தலைமுறைகளாகப் பணியாற்றினார்கள். அவர்களைத் துரோகி என்பதும் வீரர் என்பதும் எளிது. அவர்கள் விட்டுப்போன ஊரைப் பார்க்க வேண்டும். நிலம் மிராசுதாரரிடம், உழைப்பு பண்ணைக்கு. மாதச் சம்பளமும் சீருடையும் அதிலிருந்து வெளியேற ஒரு வழி. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் நம் மக்களின் நிலமின்மையை 1891இல் அறிக்கையாக எழுதினார். அடுத்த ஆண்டு பஞ்சமி நில ஆணை வந்தது. அந்தக் காலத்தில்தான் ‘போர்க்குல’க் கொள்கையால் படையின் கதவும் நமக்குச் சாத்தப்பட்டது.

ஆகவே தேடலைக் கல்லோடு நிறுத்த முடியாது. உலகப் போர்களில் மாண்டவர்களுக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேடு இருக்கிறது. பல இந்தியப் பெயர்களோடு தகப்பன் பெயரும் ஊரும் தாலுகாவும் அதில் உண்டு. திருவள்ளூர் மாவட்டம் பிறந்தது 1997இல்தான். எனவே பழைய செங்கல்பட்டு மாவட்டம், பொன்னேரி தாலுகா, திருவள்ளூர் தாலுகா என்றே தேட வேண்டும். ஊர் கிடைத்தால் அந்தச் சேரிக்குப் போவோம். பென்ஷன் தாள், பதக்கம், பாட்டிமார் சொல்லும் கதை எல்லாம் அங்கேதான் இருக்கும். அவர் எப்படி இறந்தார் என்பதைப் படைப்பிரிவு எழுதியிருக்கலாம். எந்த வயலை விட்டுப் போனார், யார் காத்திருந்தார்கள் என்பதை நாம்தான் எழுத வேண்டும்.