காரங்காட்டுச் சேறும் அக்னி தீர்த்த மணலும்

காரங்காடு தொண்டிக்குத் தெற்கே, பாக் விரிகுடா ஓரத்தில் அலையாத்தி மரங்கள் அடர்ந்த ஊர். அக்னி தீர்த்தம், ராமேஸ்வரம் கோயிலுக்குக் கிழக்கே யாத்திரிகர்கள் மூழ்கி எழும் கரை. அலை அடங்கிக் கிடக்கும் அந்தப் பக்கத்தை ஊரார் பெண்கடல் என்பார்கள். இத்தகைய இடங்களில் கடல் கெட்டுவிட்டதா என்று அறியத் தண்ணீரைப் புட்டியில் பிடித்துச் சோதிப்பதே வழக்கம். அடுத்த ஓதம் ஏறியதும் அந்தத் தண்ணீர் போய்விடும். அடியில் புதைந்து வாழும் புழு, மட்டி, சிறு நண்டு போன்றவை அப்படிப் போக முடியாதவை. அந்த இடம் மாதக்கணக்கில் பட்டதை அவையும் பட்டிருக்கும். அடிமண்ணை அள்ளி, அரை மில்லிமீட்டர் சல்லடையில் அலசி, தங்கியதை ஃபார்மலினில் இட்டு, ரோஸ் பெங்கால் சாயமேற்றி, நுண்ணோக்கியில் இனம் பிரிக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலை. அதைவிடக் கடினம், வரும் கணக்கைச் சரியாகப் படிப்பது.

காரங்காட்டில் உதிரும் இலை சேற்றிலேயே மக்குகிறது. சில விரற்கடை ஆழத்திலேயே சேறு கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசும். அங்கே ஆக்சிஜன் கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பு சரியும், கோடையில் ஏறும். இத்தனையையும் தாங்கும் சில இனங்களே நிலைக்கின்றன. அந்தக் காடு நோயுற்றதற்கு இது அடையாளம் அல்ல. அதன் இயல்பே அப்படி.

தீர்த்தக் கரையின் மணலில் கதை வேறு. ஊர்க் கழிவுநீர் சேரச் சேர, மாசு பொறுக்காத ஆம்பிபாட் போன்ற சிற்றுயிர்கள் முதலில் மறையும்; சில வாரங்களிலேயே தலைமுறை பெருக்கும் காப்பிடெல்லா புழு அந்த இடத்தைப் பிடிக்கும். இந்த வரிசை மாற்றத்தை 1978-இல் பியர்சனும் ரோசன்பர்க்கும் விளக்கினார்கள். 2000-இல் ஸ்பெயினின் போர்ஹா குழுவினர் வகுத்த ஆம்பி குறியீடு, உயிரினங்களை மாசு தாங்கும் திறன்படி ஐந்து பிரிவாக்கி மதிப்பெண் தருகிறது. உயிரே இல்லாத அடிமண்ணுக்கு 7.

இரண்டு இடத்திலும் மாசு தாங்கும் புழு மிகுந்திருந்தால் குறியீடு ஏறத்தாழ ஒரே அளவாகவே வரும். இயற்கையான நெருக்கடியும் மனிதர் தந்த கேடும் இப்படி ஒன்றுபோலத் தெரிவதை 2007-இல் எலியட்டும் கிண்டினோவும் கழிமுகங்களின் முரண் என்று சுட்டினார்கள். எனக்குக் கவலை தருவது இதுதான்: ஆரோக்கியமான அலையாத்திச் சேற்றை அந்த எண்ணைக் காட்டியே ‘ஏற்கெனவே கெட்ட நிலம்’ என்று எவரும் எழுதி வைத்துவிடலாம், அதன்பின் அங்கே இறால் பண்ணைக்கு இடம் கேட்பது எளிது.

ஆகவே காரங்காட்டை அதே காட்டின் வேறொரு ஓடையோடும், தீர்த்தக் கரையைக் கழிவு குறைந்த பக்கத்து மணற்கரையோடும், ஒரே பருவத்தில் ஒப்பிடுவதே நேர்மை. மண் துகளின் பருமனையும் கரிமச் சத்தையும் உடன் அளந்தாக வேண்டும். ஆம்பியின் இனப்பட்டியல் ஐரோப்பியக் கரைகளில் தொடங்கியது. நம் புழுக்கள் எந்தப் பிரிவில் அடங்கும் என்பதை இங்கேயே பார்த்து முடிவு செய்ய வேண்டும். 1947-இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் மண்டபத்துக்கு வந்தது முதல் இந்தக் கரைக்கு ஆய்வு மரபு இருக்கிறது. அந்தப் பட்டியல் வேலையை எடுத்துச் செய்ய ஏற்ற ஊர் மண்டபம்தான்.