கிரிசெல்டா பிளாங்கோ

கிரிசெல்டா பிளாங்கோ (பிப்ரவரி 15, 1943 – செப்டம்பர் 3, 2012) கொலம்பியாவைச் சேர்ந்த கொக்கைன் கடத்தல் கும்பல் தலைவி ஆவார். 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் நியூயார்க், மயாமி நகரங்களில் இயங்கிய பெரிய கடத்தல் கும்பல்களுள் ஒன்றை நடத்தினார். பாப்லோ எஸ்கோபார் உலகறியப் பெயர் பெறுவதற்கு முன்பே அமெரிக்காவுக்குக் கொக்கைன் அனுப்பியவர்களுள் இவரும் ஒருவர். 'ஞானத்தாய்' என்று பொருள்படும் 'லா மட்ரினா', 'கறுப்பு விதவை' ஆகிய பட்டப்பெயர்களால் அறியப்பட்டார்.

இளமை

கொலம்பியாவின் வடக்குக் கடற்கரைப் பகுதியில் பிறந்த பிளாங்கோ, சிறுவயதிலேயே தாயுடன் மெடலின் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1948 முதல் சுமார் பத்து ஆண்டுகள் நீடித்த அரசியல் வன்முறையால் கிராமங்களை விட்டு ஓடிவந்த ஏழைகள் அந்நகரின் மலைச்சரிவுகளில் குடிசை போட்டுக் குடியேறிய காலம் அது. முதல் கணவர் கார்லோஸ் துருஹியோ போலி ஆவணங்கள் தயாரிக்கும் தொழிலில் இருந்தவர். இவர்களுக்கு மூன்று மகன்கள் பிறந்தனர். பிறகு ஆல்பர்ட்டோ பிராவோவைப் பிளாங்கோ மணந்தார். கொக்கைன் வணிகத்துக்குள் அவர் நுழைந்தது இவருடன்தான்.

நியூயார்க்

1970களின் தொடக்கத்தில் இருவரும் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் தங்கித் தொழில் நடத்தினர். பெண்களின் உள்ளாடைகளில் மறைவான பைகளைத் தைத்து, அவற்றை அணிந்த பெண்கள் மூலம் விமானத்தில் சரக்கைக் கொண்டுவருவது இக்கும்பலின் அடையாளமாக இருந்தது. நகரக் காவல்துறையும் கூட்டாட்சிப் போதைப்பொருள் தடுப்பு முகமையும் இணைந்து நடத்திய 'பான்ஷீ நடவடிக்கை'யின் முடிவில், 1975இல் பிளாங்கோ மீதும் முப்பதுக்கும் மேற்பட்ட கூட்டாளிகள் மீதும் குற்றம் சாட்டப்பட்டது. கைதாகும் முன் அவர் கொலம்பியாவுக்குத் தப்பினார்.

மயாமி

சில ஆண்டுகளில் பிளாங்கோ மயாமிக்கு வந்து சேர்ந்தார். அட்லாண்டிக் கடற்கரையை ஒட்டிய அந்நகரம் அப்போது கொக்கைனின் முக்கிய நுழைவாயிலாகியிருந்தது. 1979 ஜூலை 11 அன்று டேட்லேண்ட் வணிக வளாகத்திலுள்ள மதுக்கடையில் ஒரு கடத்தல்காரரும் அவரது மெய்க்காவலரும் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டனர். இக்கொலையைப் புலனாய்வாளர்கள் பிளாங்கோவின் கும்பலுடன் தொடர்புபடுத்தினர். 1981இல் மட்டும் டேட் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்ட கொலைகள் நடந்தன. பிணவறையில் இடமின்றிக் குளிரூட்டப்பட்ட லாரி வாடகைக்கு எடுக்கப்பட்டது. 1982இல் அதிபர் ரீகன், துணை அதிபர் புஷ் தலைமையில் தென் புளோரிடாவுக்கெனத் தனிப் பணிக்குழுவை அமைத்தார்.

இந்த வன்முறை கடத்தல்காரர்களோடு நின்றுவிடவில்லை. 1982 பிப்ரவரியில், பிளாங்கோவின் பகைக்கு ஆளான முன்னாள் கூட்டாளி ஒருவரின் கார் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. அவர் தப்பினார். காரில் உடனிருந்த அவரது இரண்டு வயது மகன் இறந்தான். தந்தை தப்பியதற்குக் கோபப்பட்ட பிளாங்கோ, குழந்தை இறந்ததை அறிந்ததும் கணக்குத் தீர்ந்ததாக மகிழ்ந்தார் என்று அவரது கூலிக் கொலையாளி ஹோர்ஹே அயாலா பின்னர் வாக்குமூலம் அளித்தார்.

கைதும் வழக்கும்

1985 பிப்ரவரியில் கலிஃபோர்னியாவின் இர்வைன் நகரில் பிளாங்கோ கைதானார். பழைய நியூயார்க் வழக்கில் அவருக்கு 15 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது. அத்தண்டனையை அனுபவித்து வரும்போதே, 1982இல் கொல்லப்பட்ட அந்தக் குழந்தை, ஒரு தம்பதி ஆகிய மூவரின் கொலைக்காகப் புளோரிடாவில் அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது. மரண தண்டனை வரை செல்லக்கூடிய வழக்கு அது.

வழக்கின் முதன்மைச் சாட்சி அயாலா. சிறையிலிருந்தபடியே அவர் மயாமி அரசு வழக்கறிஞர் அலுவலகப் பெண் ஊழியர்களுடன் தொலைபேசியில் ஆபாசமாக உரையாடிவந்தது அம்பலமானது. சாட்சியின் நம்பகத்தன்மை குலைந்தது. வழக்கு வேறொரு மாவட்ட வழக்கறிஞர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. இறுதியில் 1998இல் சமரச உடன்பாடு ஏற்பட்டது. மூன்று கொலைகளையும் இரண்டாம் நிலைக் கொலைகளாக ஏற்றுக்கொண்ட பிளாங்கோ 20 ஆண்டு தண்டனை பெற்றார். சுட்டவரான அயாலாவுக்கோ ஆயுள் தண்டனை. 2004இல் விடுதலையான பிளாங்கோ கொலம்பியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

முடிவு

2012 செப்டம்பர் 3 அன்று மெடலினில் ஓர் இறைச்சிக் கடைக்கு வந்த பிளாங்கோவை, மோட்டார் சைக்கிளில் வந்தவர் சுட்டுக் கொன்றார். அப்போது அவருக்கு வயது 69. மோட்டார் சைக்கிளில் ஆளனுப்பிக் கொல்லும் முறையை மயாமிக்குக் கொண்டுவந்தவர் என்று சொல்லப்பட்டவர் அதே முறையில் இறந்தார்.

மதிப்பீடு

2006இல் 'கொக்கைன் கவ்பாய்ஸ்' ஆவணப்படமும், 2024இல் 'கிரிசெல்டா' இணையத் தொடரும் பிளாங்கோவைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தின. ஆண்கள் கோலோச்சிய உலகில் தலைமையைக் கைப்பற்றிய பெண் என்ற கோணம் அவர் கதைக்குக் கவர்ச்சி தருகிறது. அவர் செய்வித்ததாகக் கூறப்படும் கொலைகளின் எண்ணிக்கை சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. சிலர் இருநூறு வரை சொல்கின்றனர். நீதிமன்றப் பதிவில் இருப்பவை மூன்று மட்டுமே. அவையும் உடன்பாட்டில் முடிந்ததால், இரண்டு வயதுக் குழந்தையின் கொலைக்காகப் பிளாங்கோ மீது சாட்சிகளை நிறுத்தி முழு விசாரணை ஒருபோதும் நடைபெறவில்லை.