புட்டியும் சரக்கும்: அமெரிக்க பர்பன் விஸ்கியில் தோற்றமும் தரமும் பிரிந்த வரலாறு

அமெரிக்க மதுக்கடைகளில் ஒரே பாட்டனார் இரண்டு புட்டிகளில் வீற்றிருக்கிறார். பேசில் ஹேடன் என்பது அவர் பெயர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மேரிலாந்திலிருந்து வந்து கென்டக்கியில் குடியேறியவர். அவருடைய பேரன் தாத்தாவின் நினைவாகத் தன் விஸ்கிக்கு ‘ஓல்டு கிராண்ட்-டாட்’ என்று பெயர் வைத்தார். அந்தப் புட்டிக்கு ஆரஞ்சு லேபிள், தாத்தாவின் மார்பளவுப் படம், சாதாரண மூடி. வேறு அலங்காரம் இல்லை. 1992இல் ஜிம் பீம் நிறுவனம் அதே பாட்டனாரின் பெயரிலேயே ‘பேசில் ஹேடன்ஸ்’ என்று இன்னொரு பர்பனை இறக்கியது. இதற்குக் கழுத்திலிருந்து தொங்கும் காகித மேலாடையும் இடுப்பில் ஓர் உலோகப் பட்டையும் உண்டு. இரண்டுக்கும் ரை தானியம் தூக்கலான ஒரே தானியக் கலவை, காய்ச்சுபவரும் ஒருவரே. பட்டை கட்டிய தாத்தா 40 சதவீதச் சாராய அளவோடு வருகிறார். பட்டை கட்டாத தாத்தாவின் ‘பாண்டட்’ வகை 50 சதவீதம். ஒரு முக்கால் லிட்டர் புட்டியில் முன்னதில் 300 மில்லி சாராயம், பின்னதில் 375 மில்லி. மீதி தண்ணீர் என்றே கொள்ளலாம். ஆனாலும் விலை அதிகம் பட்டை கட்டியவருக்குத்தான்.

பகட்டான புட்டி ஏமாற்றுகிறது என்று இதிலிருந்து உடனே முடிவு கட்டுவது எளிது, அது அவசரமும்கூட. பர்பனின் வரலாற்றில் புட்டியே தரத்தின் சாட்சியாக நின்ற காலம் ஒன்று இருந்தது. புட்டிக்கும் சரக்குக்கும் இடையிலான உறவு தானாக விளைந்ததன்று, சட்டம் முடிந்த முடிச்சு அது என்பதே இக்கட்டுரையின் வாதம். சட்டம் புட்டியின் உடம்பிலேயே எழுதப்பட்டிருந்தபோது தோற்றத்தைப் பார்த்துத் தரத்தை ஓரளவு கணிக்க முடிந்தது. சட்டம் லேபிளின் பொடியெழுத்துக்கு ஒதுங்கிய பிறகு கண்ணாடி தன் போக்கில் போயிற்று.

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பர்பனுக்குப் புட்டியே கிடையாது என்று சொல்லிவிடலாம். வடிசாலையிலிருந்து பீப்பாய் பீப்பாயாக மதுவிடுதிக்கோ மருந்துக்கடைக்கோ போகும். வாங்குபவர் ஜாடியை நீட்டி வாங்கிக்கொள்வார். கண்ணாடிப் புட்டிகளை ஆள் வைத்து ஊதிச் செய்ய வேண்டியிருந்ததால் அவை விலை கூடியவை. பீப்பாய் வடிசாலையை விட்டுப் புறப்பட்ட பின் அதற்குள் என்ன சேர்ந்தது என்பது கடைசியாகத் திறந்தவருக்கே வெளிச்சம். ‘ரெக்டிஃபையர்’ எனப்பட்ட கலப்பு வணிகர்கள் ஊறாத வெறும் சாராயத்தில் உலர்பழச் சாறும் நிறமியும் சேர்த்துப் பழைய விஸ்கி என்று விற்றார்கள். இந்தச் சூழலில்தான் லூயிவில் நகரில் மருந்து விற்பனையாளராக இருந்த ஜார்ஜ் கார்வின் பிரவுன் 1870இல் ‘ஓல்டு ஃபாரெஸ்டர்’ பர்பனை முத்திரையிட்ட புட்டிகளில் மட்டுமே விற்கத் தொடங்கினார். லேபிளில் உறுதிமொழியும் தன் கையெழுத்தும் வைத்தார். மருத்துவர்கள் நம்பி எழுதிக்கொடுக்கத்தக்க சரக்கு என்பதே அவர் கடைவிரித்த பெருமை. இதில் கவனிக்க வேண்டியது, பிரவுன் அன்று சொந்தமாக எதையும் காய்ச்சவில்லை என்பது. பிற வடிசாலைகளிடம் வாங்கிக் கலந்து புட்டியில் அடைத்தார். ஆக, பர்பன் வரலாற்றின் முதல் புகழ்பெற்ற புட்டி பிறர் சரக்கைச் சுமந்த புட்டி. அடைத்த பின் யாரும் கைவைக்கவில்லை என்பது மட்டுமே அது தந்த உறுதி; அன்றைக்கு அதுவே பெரிய காரியம்.

தனிமனிதர் ஒருவரின் கையெழுத்து செய்ததை 1897 மார்ச் 3இல் நிறைவேறிய ‘பாட்டில்டு-இன்-பாண்ட்’ சட்டம் அரசின் வேலையாக்கியது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் காய்ச்சியிருக்க வேண்டும். அரசுக் கண்காணிப்பில் உள்ள கிடங்கில் குறைந்தது நான்கு ஆண்டு ஊறியிருக்க வேண்டும். 100 ப்ரூஃப், அதாவது 50 சதவீதத்தில் அடைக்க வேண்டும். இவை நிறைவேறினால் அது ‘பாண்டட்’ விஸ்கி, தக்கையின் மேல் பச்சை நிற முத்திரைச் சீட்டு ஒட்டப்படும். சீட்டைக் கிழிக்காமல் புட்டியைத் திறக்க முடியாது. யார் காய்ச்சினார், எந்தப் பருவத்தில் என்பதற்கெல்லாம் அரசே சாட்சி. வாங்குபவர் நாக்கை நம்ப வேண்டியதில்லை, கண்ணை நம்பினால் போதும் என்ற நிலை பர்பனில் அப்போதுதான் வந்தது. சட்டத்துக்காக முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் எட்மண்ட் ஹேன்ஸ் டெய்லர். இவரைக் கலப்படத்தை எதிர்த்த துறவி போலச் சித்திரிப்பது வழக்கம். ஆனால் அவர் 1887இல் பிராங்க்ஃபர்ட் அருகே தன் வடிசாலையைக் கற்கோட்டை வடிவில் கட்டியவர். பீப்பாய்களுக்குப் பித்தளை வளையம் பூட்டிப் பளபளவென்று துலக்கி அனுப்பியவர். பகட்டும் நேர்மையும் ஒரே ஆளிடம் குடியிருக்க முடியும் என்பதற்கு அவரை விட நல்ல சான்று கிடைப்பது அரிது. அவருடைய பீப்பாய் மின்னியது வேறு. அவர் ஆதரித்த முத்திரை உறுதிசொன்னது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதே பிற்காலச் சிக்கலின் வேர்.

1903 வாக்கில் மைக்கேல் ஓவன்ஸ் உருவாக்கிய தானியங்கி எந்திரம் கண்ணாடிப் புட்டியை மலிவாக்கியது. மதுவிலக்குக் காலத்தில் (1920-1933) மருத்துவர் சீட்டோடு விற்ற மருந்து விஸ்கியும் முத்திரையிட்ட சிறு புட்டிகளிலேயே வந்தது. விலக்கு நீங்கிய பின், புட்டியை மறுபடி பயன்படுத்துவதோ விற்பதோ கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம் என்ற வாசகத்தைக் கண்ணாடியிலேயே புடைத்து வார்க்க வேண்டும் என்று 1935இல் விதி வந்தது. சட்டம் புட்டியின் உடம்பில் எழுதப்பட்டிருந்தது என்று மேலே சொன்னது உவமை அன்று. அந்த எழுத்து 1964 வரை இருந்தது. 1980களின் நடுவில் முத்திரைச் சீட்டும் போயிற்று. கண்ணாடி அரசுக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமையிலிருந்து படிப்படியாக விடுபட்டது.

விடுபட்டபின் என்ன ஆகும் என்பதற்கு 1950களிலிருந்தே முன்னோட்டம் நடந்துகொண்டிருந்தது. பண்டிகைப் பரிசுக்காக அழகிய குடுவைகளில் பர்பன் வரத் தொடங்கியது. ஜிம் பீம் நிறுவனம் பீங்கானில் கார், பறவை, யானை, கழுதை என்று வார்த்துத் தள்ளியது. யானையும் கழுதையும் அங்குள்ள இரு பெரிய கட்சிகளின் சின்னங்கள். தேர்தல் ஆண்டில் வேறென்ன விற்கும்? வைல்டு டர்க்கி என்ற பர்பன் 1971 முதல் வான்கோழி வடிவில் தொடர் வெளியிட்டது. சேகரிப்போர் சங்கங்கள் முளைத்தன. அந்தப் பீங்கான்களின் தலையிலும் சீட்டு இருந்தது உண்மைதான். ஆனால் பச்சைச் சீட்டு ‘பாண்டட்’ விஸ்கிக்கு மட்டுமே உரியது, மற்றவற்றுக்குச் சிவப்பு. சிவப்புச் சீட்டு வரி கட்டியதற்குச் சாட்சி, அவ்வளவே. இதே 1970களில் வோட்காவின் முன் பர்பன் விற்பனை சரிந்து கிடங்குகளில் பீப்பாய்கள் தேங்கின என்பதைச் சேர்த்துப் பார்த்தால் குடுவைகளின் வேலை விளங்கும்: குடிப்பவர் குறைந்தபோது சேர்த்து வைப்பவரைத் தேடிப் போனது வணிகம். வேடிக்கை என்னவென்றால், சரக்கைக் காப்பதில் சாதாரணக் கண்ணாடிக்கு இருந்த திறமைகூட இந்தப் பீங்கான்களுக்கு இல்லை. தக்கை வழியே விஸ்கி ஆவியாகிப் பாதி காலியான குடுவைகள் இன்றும் பழம்பொருள் கடைகளில் கிடைக்கின்றன.

மெழுகு முத்திரையின் கதை இந்த மாற்றத்தை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. மேக்கர்ஸ் மார்க் 1958இல் சந்தைக்கு வந்தபோது அதன் புட்டி, லேபிள், கழுத்தில் வழியும் சிவப்பு மெழுகு எல்லாம் உரிமையாளரின் மனைவி மார்ஜி சாமுவேல்ஸின் கற்பனை. பின்னர் ஒரு டெக்கீலாப் புட்டியிலும் சிவப்பு மெழுகு வழிந்தபோது வழக்கு எழுந்து 2012இல் ஆறாம் வட்ட மேல்முறையீட்டு மன்றம் வரை போனது. வாணிகக் குறிச் சட்டத்தில், ஒரு பொருளின் பயன்பாட்டுக்கு இன்றியமையாத அம்சத்துக்குத் தனியுரிமை கிடையாது. எனவே எதிர்த்தரப்பு மெழுகு புட்டியை அடைக்கும் பயன்பாட்டு உறுப்பு என்று வாதிட்டது. மன்றம் ஏற்கவில்லை, புட்டியை அடைக்க வேறு வழிகள் உண்டு, வழியும் சிவப்பு மெழுகு அடையாளமே என்று மேக்கர்ஸ் மார்க்குக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. 1870இல் முத்திரை மதிக்கப்பட்டது அது ஒரு வேலையைச் செய்ததால். 2012இல் முத்திரைக்குப் பாதுகாப்புக் கிடைத்தது, அது இன்றியமையாத வேலை எதையும் செய்யவில்லை என்பதால்.

இவ்விடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும்: அழகிய புட்டியில் அடைப்பவர் பொறுக்கியெடுத்த சரக்கையே அடைப்பார், இல்லையேல் பெயர் கெடும். 1984இல் வந்த பிளாண்டன்ஸ் பர்பனை இதற்கு உதாரணம் காட்டுவார்கள். முகப்பு வெட்டிய உருண்டைப் புட்டி. மூடியின் மேல் குதிரையும் சவாரிக்காரரும். எட்டு வேறுபட்ட தோற்றங்களில் வரும் அந்த மூடிகளைச் சேர்த்தால் எட்டு ஆங்கில எழுத்துகளில் பெயர் முழுமையாகும். ஆனால் பிளாண்டன்ஸின் சிறப்பு மூடியில் தொடங்கவில்லை. அதன் வடிப்பாளர் எல்மர் டி. லீ ஒவ்வொரு பீப்பாயையும் பிறவற்றோடு கலக்காமல் தனியே அடைக்கும் முறையை அதன் மூலம் சந்தைக்குக் கொண்டுவந்தார். உலோகத் தகடு போர்த்தியதால் வெயிலில் விரைந்து சூடேறும் ‘எச்’ கிடங்கில் பீப்பாய்கள் ஊறின. பீப்பாய் எண்ணும் அதைக் காலிசெய்த தேதியும் லேபிளில் எழுதப்பட்டன. ஆகவே மறுப்பு பாதி சரி: இங்கே பகட்டும் தரமும் சேர்ந்தே வந்தன. ஆனால் தரத்துக்குச் சான்று லேபிளில் உள்ள எண்கள். குதிரை அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. குதிரையை மட்டும் வைத்துக்கொண்டு எண்களை எடுத்துவிட்டால் வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியுமா என்பதுதான் சோதனை.

அந்தச் சோதனையைத் தொழிலே நடத்திக் காட்டியது. 2010களில் பர்பனுக்குத் திடீர்க் கிராக்கி ஏற்பட்டது. எட்டு ஆண்டு ஊறிய சரக்கை இன்று தீர்மானித்து இன்றே செய்ய முடியாது. எட்டு ஆண்டுக்கு முன் செய்திருக்க வேண்டும். 2014இல் பேசில் ஹேடன்ஸ் லேபிளிலிருந்து எட்டு ஆண்டு என்ற குறிப்பு மறைந்தது. கலைநயத்தோடு ஊறியது என்ற பொருளில் ஒரு சொற்றொடர் அந்த இடத்தில் அமர்ந்தது. காகித மேலாடையும் உலோகப் பட்டையும் அப்படியே இருந்தன. 2016இல் எலைஜா கிரெய்க் என்ற பர்பனும் தன் 12 ஆண்டுக் குறிப்பைக் கைவிட்டது. அடுத்த ஆண்டே மெலிந்த உயரமான புதிய புட்டிக்கு மாறியது. உள்ளே என்ன ஊறியது என்பதைப் பற்றி எண்ணால் பேசுவதை நிறுத்தியபின் கண்ணாடி அதிகம் பேசத் தொடங்குகிறது. இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். குறைந்தது நான்கு ஆண்டு ஊறிய விஸ்கிக்கு வயதைச் சொல்லச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பேசில் ஹேடன்ஸ் ஓல்டு கிராண்ட்-டாடை விட விலை கூடியதற்கு 2014க்கு முன் அச்சிட்ட காரணம் ஒன்று இருந்தது. அதன்பின் அலங்காரமும் அந்தச் சொற்றொடருமே மிஞ்சின.

வயதும் காட்டமும் சுவை ஆகுமா என்பது அடுத்த மறுப்பு. ஆகாதுதான். அளவுக்கு மீறி ஊறினால் ஓக் மரத்தின் துவர்ப்பு ஏறிவிடும். காட்டம் குறைந்தது சிலருக்கு இதமாக இருக்கும். ஆனால் வயது, காட்டம், காய்ச்சியவர், பீப்பாய் ஆகிய நான்கும் செலவு பிடிப்பவை, சரிபார்க்கத்தக்கவை. கென்டக்கியின் வெப்பத்தில் ஒவ்வோர் ஆண்டும் பீப்பாயிலிருந்து சில சதவீதம் காற்றோடு போகிறது. எட்டாண்டுப் பீப்பாயில் அந்த இழப்பு விற்பவர் கணக்கில் ஏறுகிறது. கூடுதல் விலைக்கு நியாயம் கேட்கிறவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. இதை விட நுட்பமான மறுப்பு, அழகே சுவையின் ஒரு பகுதி என்பது. 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஒரே திராட்சை மதுவை அதிக விலை சொல்லிக் கொடுத்தபோது அருந்தியவர்கள் அதையே மேலானதாகச் சொன்னதோடு, இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் கூடுதலாக இயங்கியது. அதே ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வு, விலை தெரியாமல் நடந்த ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சுவைப்புகளைத் தொகுத்தபோது, பயிற்சியில்லாதவர்கள் விலை கூடியதைச் சற்றுக் குறைவாகவே விரும்பினர் என்று கண்டது. இரண்டும் திராட்சை மதுவைப் பற்றியவை. விஸ்கிக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் இவை காட்டுவது ஒன்று: புட்டி தரும் இன்பம் மெய்யானதே, கண்ணை மூடினால் அது மறைகிறது. பரிசளிப்பவருக்கு அந்த இன்பம் போதும். கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பவர் கேட்பது வேறு கேள்வி.

வாங்கி அடைத்த சரக்கு என்றாலே மட்டம் என்ற எண்ணமும் அண்மையில் பரவியிருக்கிறது. இந்தியானாவின் லாரன்ஸ்பர்க்கில் உள்ள ஒரு பெரிய வடிசாலை பல பிராண்டுகளுக்கு மொத்தமாக விஸ்கி தருகிறது. டெம்பிள்டன் ரை அந்த விஸ்கியையே மதுவிலக்குக் காலத்து ஐயோவாச் செய்முறை என்ற கதையோடு விற்று, வாடிக்கையாளர்கள் தொடுத்த வழக்கை 2015இல் சமரசம் செய்துகொண்டது. அங்கே குற்றம் வாங்கியதில் இல்லை, சொன்ன கதையில் இருந்தது. சிறகு விரித்த புட்டியில் வரும் ஏஞ்சல்ஸ் என்வியும் தொடக்கத்தில் பிறர் காய்ச்சியதை வாங்கித்தான் விற்றது. ஆனால் அதன் வடிப்பாளர் லிங்கன் ஹெண்டர்சன் அதைப் போர்ட் மது இருந்த பீப்பாய்களில் மறுபடி ஊறவைத்தார். லேபிளும் அதைச் சொன்னது. 1870இல் பிரவுன் செய்ததும் இந்த வழியில் வருவதுதான்.

குடிப்பவர்கள் கண்ணாடிக்கு மயங்கியே வாங்குகிறார்கள் என்பதும் முழு உண்மையன்று. 2013 பிப்ரவரியில் மேக்கர்ஸ் மார்க், சரக்குப் பற்றாக்குறையால் காட்டத்தை 45 சதவீதத்திலிருந்து 42 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. புட்டியும் மெழுகும் மாறப் போவதில்லை. மாறவிருந்தது லேபிளில் ஓர் எண். ஒரே வாரத்தில் எழுந்த எதிர்ப்பில் நிறுவனம் பின்வாங்கியது. வயதிலும் எண் திரும்பியது: நாப் கிரீக் என்ற பர்பன் 2016இல் தன் லேபிளிலிருந்து எடுத்த ஒன்பது ஆண்டுக் குறிப்பை 2020இல் திரும்ப அச்சிட்டது.