மத்தி வலசை (கொச்சிக் கடல்)

கேரளக் கரைக்கும் அதை ஒட்டிய ஆழ்கடலுக்கும் இடையே மத்தி மீன் பருவந்தோறும் பெருங்கூட்டமாக வந்து போவதே மத்தி வலசை. தமிழ்நாட்டில் பேய்ச்சாளை என்றும் வழங்கும் இம்மீனின் அறிவியல் பெயர் சார்டினெல்லா லாங்கிசெப்ஸ். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் கரையோரம் மே முதல் ஜூலை வரை வடக்கு நோக்கி ஓடும் சார்டின் கூட்டத்தோடு இதைச் சேர்த்துப் பேசுவதுண்டு. அது கரையை ஒட்டிய நெடும்பயணம். மத்தி அவ்வளவு தூரம் போவதில்லை.

இந்த வரவுக்குக் காரணம் தென்மேற்குப் பருவமழை. அப்போது மேல்நீர் கரையை விட்டு விலக, அடியிலிருந்து குளிர்ந்த, சத்துள்ள நீர் மேலே வருகிறது. அதில் டயாட்டம் என்னும் நுண்பாசி பெருகும். மத்திக்கு அதுதான் தீனி. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முட்டையிடும். மழை ஓயும்போது குஞ்சுகள் கரையோரம் திரளும். அக்டோபருக்குப் பின் மீனில் கொழுப்பேறி, குடம்புளிக் குழம்பின் மேல் எண்ணெய் மிதக்கும். மத்தி தின்ன அதுவே காலம். அந்த எண்ணெயை ஒரு காலத்தில் மரப்படகுகளுக்குப் பூசினார்கள். எண்ணெய் எடுத்த சக்கை காப்பித் தோட்டங்களுக்கு உரமாகப் போனது.

கொச்சியில் மட்டாஞ்சேரிக்குத் தெற்கே தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. ஆனால் மத்தியைத் தேடுபவர் வைப்பீனின் காளமுக்குக்கோ செல்லானத்துக்கோ போக வேண்டும். ரிங் வலை வள்ளங்கள் அங்கேதான் ஒதுங்கும். பகலில் நீரின் நிறத்தையும் பறவைகளையும் பார்த்தும், அமாவாசை இருட்டில் கலங்கிய நீர் மினுங்குவதைப் பார்த்தும் கூட்டத்தைக் கண்டுபிடித்து, வலையால் வளைப்பார்கள். இவ்வலை பரவியது 1980களில். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு அதில் பங்குண்டு.

இரண்டரை ஆண்டே வாழும் மீன் என்பதால், ஓராண்டு முட்டை பொய்த்தால் அடுத்த ஆண்டே வலை காலி. 2012இல் கேரளத்தில் கிடைத்த மத்தி ஏறக்குறைய 3.9 லட்சம் டன். 2021இல் 3,297 டன். பழி ரிங் வலை மேலும் எல் நினோ மேலும் விழுந்தது. ஆனால் 1940களில் ரிங் வலையும் இல்லை, எஞ்சினும் இல்லை. அப்போதும் மத்தி மறைந்தது. 1943இல் சென்னை மாகாண அரசு மலபாரில் குஞ்சு மத்தி பிடிக்கும் வலைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஏற்ற இறக்கம் கடலின் இயல்பு என்றாலும், இறக்கத்தில் குஞ்சையும் வாரினால் மீட்சி தள்ளிப்போகும்.

2015 முதல் கேரளத்தில் 10 செ.மீ.க்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கத் தடை உண்டு. 2024இல் வேறொரு சிக்கல் வந்தது: மழை நன்றாகப் பெய்து குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன, தீனிக்குப் போட்டி மிகுந்து வளர்ச்சி குன்றியது. மீன் நிறைய இருந்தும் சந்தைக்கு வந்தது பொடிமத்திதான்.