கணக்கு கஷ்டமா, இங்கிலீஷ் கஷ்டமா?

எங்கள் புதூர் கரிசல் பக்கம் பல வீடுகளில் தெலுங்கு பேசுவார்கள், தெருவில் தமிழ். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. அந்தப் பிள்ளைகளுக்குக் கணக்கு மூன்றாவது மொழிக்குப் போய்விட்டது. 'வால்யூம்' என்றால் டிவி சத்தம் என்றுதான் தெரியும். கணக்கில் அது கன அளவு. கணக்குத் தெரிந்த பிள்ளையும் கேள்வி புரியாமல் முட்டை வாங்கும்.

அந்தக் காலத் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதி, எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பித்தார்கள். 1/16 மாகாணி, 1/320 முந்திரி. கடைத்தெருவில் புழங்கிய சொல்லே பாடத்திலும் இருந்தது. மணலும் ஓலையும்தான் அன்றைய தொழில்நுட்பம்.

2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் கோடும் ஜியோஜீப்ரா பயிற்சிகளும் இருக்கின்றன. திரையில் முக்கோணத்தின் முனையைப் பிடித்து இழுத்தால் கோணங்கள் மாறும், கூட்டுத்தொகை மட்டும் 180 டிகிரியாகவே நிற்கும். இதைப் பார்க்க எந்த மொழியும் வேண்டாம்.

ஆனால் 'ஹவ் மெனி மோர்' என்று முடியும் வாக்கியக் கணக்கைத் திரை மட்டும் புரியவைக்காது. அங்கே டீச்சர் ஒருமுறை தமிழில் சொல்லத்தான் வேண்டும். முதலில் படம், அப்புறம் தெரிந்த மொழி, கடைசியில் இங்கிலீஷ். இந்த வரிசை மாறினால் எத்தனை கம்ப்யூட்டர் வந்தாலும் பிள்ளை மனப்பாடம்தான் செய்யும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் நண்பர்களே?