மரைக்காயர் என்னும் பெயர்: மரக்கலமா, வம்சமா?

திருமணப் பேச்சு தொடங்கும் இல்லங்களில் இன்றும் ஒரு கேள்வி எழுகிறது. மாப்பிள்ளையின் மார்க்கப் பற்றும் தொழிலும் விசாரிக்கப்பட்ட பின்னர், சில வேளைகளில் அதற்கும் முன்னதாகவே, "அவர்கள் மரைக்காயர் குடும்பந்தானே?" என்று கேட்கப்படுகிறது. தூத்துக்குடி, காயல்பட்டினம், கீழக்கரை, வேதாளை எனக் கடலை ஒட்டி வாழும் நம் மக்களுள் பலர் இப்பெயரை அரபு வம்சத்தின் முத்திரையாகவே கருதுகின்றனர். ஒரு பெண்ணின் வாழ்வையே தீர்மானிக்கும் அளவுக்கு ஒரு சொல்லுக்கு அதிகாரம் தருகிறோமென்றால், அச்சொல் எங்கிருந்து வந்தது என்பதை ஆராய்வது நம் கடமையாகிறது.

பரவலாக நம்பப்படும் கதை ஒன்று உண்டு. ஆங்கிலேயர் காலத்து அதிகாரியான எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் அக்கதை இடம்பெற்றுள்ளது. கரையிறங்கிய அரபியரை நோக்கி, நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள் என்று உள்ளூர் மக்கள் வினவினராம். மொழி அறியாத அவர்கள் தம் கப்பலைச் சுட்டிக்காட்டி "மர்கப்" என்றனராம். அரபியில் அதன் பொருள் கலம் என்பது. அதிலிருந்தே மரைக்காயர் என்ற பெயர் பிறந்ததாம். கேட்பதற்கு இனிய கதைதான். ஆயினும் மொழியின் போக்கு இதற்கு இடம் தரவில்லை. அரபிச் சொற்களின் ஈற்றிலுள்ள "ப்" ஒலியைத் தமிழ் முஸ்லிம்கள் விட்டுவிடுவதில்லை. கிதாப் கிதாபு ஆயிற்று. ஜவாப் ஜவாபு ஆயிற்று. அவ்வாறாயின் மர்கப் என்பது மர்கபு என்றுதானே வழங்கியிருக்க வேண்டும்? காயர் என்ற ஈறு எங்கிருந்து வந்தது?

தமிழிலேயே மரக்கலம் என்னும் பழஞ்சொல் இருக்கிறது. மரக்கலராயர் என்ற பட்டம் சுருங்கி மரைக்காயர் ஆயிற்று என்பர் ஒரு சாரார். மலையாளக் கரையில் வழங்கும் மரக்கார் என்ற வடிவம் மரக்கலக்காரர் என்பதன் சுருக்கம் என்பர் வேறு சிலர். ஈற்றுப் பகுதியைக் குறித்துக் கருத்து வேறுபாடு இருப்பினும், முதற்பகுதி மரக்கலமே என்பது நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. இதற்கு வலுவான சான்று நம் சமுதாயத்துக்கு வெளியே கிடைக்கிறது. கர்நாடகத்தின் உடுப்பி வட்டாரக் கடற்கரையில் வாழும் மொகவீரர் என்னும் இந்து மீனவ மக்களுக்கு மரகால என்ற பெயரும் உண்டு. இலங்கையில் சிங்கள மக்கள் முஸ்லிம்களைப் பேச்சு வழக்கில் மரக்கல என்றே அழைத்து வந்துள்ளனர். அரபுக் குருதிக்கும் மொகவீரருக்கும் என்ன தொடர்பு? கலம்தான் தொடர்பு.

அரபியர் நம் கரைக்கு வரவில்லை என்று நாம் கூறவில்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, ஹோர்முஸ், ஏடன் முதலிய துறைகளிலிருந்து குதிரைகளை ஏற்றிய கப்பல்கள் காயலை வந்தடைந்ததைப் பதிவு செய்துள்ளார். வந்தவர்களுள் சிலர் இங்கேயே மணமுடித்துத் தங்கினர். அவர்களோடு உள்ளூர்க் கடலோடிகளும் இஸ்லாத்தில் இணைந்தனர். இரு சாராரையும் ஒன்றாகத் தழுவிய பெயரே மரைக்காயர். ஆதலால் இப்பெயரைத் தாங்கும் ஒருவரின் மூதாதை ஏமனிலிருந்து வந்தாரா, தாமிரபரணிக் கரையிலேயே பிறந்தாரா என்பதைப் பெயர் நமக்குச் சொல்லாது.

இதே மணலில் இன்னொரு பெயர் வரலாறும் நம் கண்முன் இருக்கிறது. 1535க்கும் 1537க்கும் இடையில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் போர்ச்சுகீசியரின் வழியாகக் கிறித்தவத்தைத் தழுவினர். பர்னாந்து, மச்சாது போன்ற போர்ச்சுகீசியப் பெயர்கள் அவ்வாறே அவர்களிடம் வந்து சேர்ந்தன. தூத்துக்குடியில் பர்னாந்து என்ற பெயருடைய அன்பரைக் கண்டதும் இவர் லிஸ்பன் நகரத்து வம்சம் என்று நாம் எவரும் எண்ணுவதில்லை. அடுத்த தெருக்காரரின் பெயரில் தெளிவாகத் தெரியும் இந்த உண்மை, நம் சொந்தப் பெயரில் மட்டும் ஏன் மங்கிவிடுகிறது?

தொழிலாலும் வருகையாலும் பெயர் அமைவது உலகெங்கும் உள்ள வழக்கம். போலந்து நாட்டில் மிகப் பரவலான குடும்பப் பெயர் நோவாக். புதிதாக வந்தவர் என்பது அதன் பொருள். கோவல்ஸ்கி என்ற பெயர் கொல்லரைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர்களுள் ஒருவரான கஃப்பால் அல்மர்வஸீ (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 417இல் மறைந்தவர்கள். கஃப்பால் என்றால் பூட்டுச் செய்பவர். இளமையில் அத்தொழிலே செய்த அப்பெருந்தகை, பின்னர் கல்வியில் இறங்கி இமாமானார்கள். பூட்டுத் தொழிலின் பெயரை அவர்கள் மறைக்கவுமில்லை, வரலாறு அதை இழிவாகக் கொள்ளவுமில்லை.

மரைக்காயர் என்ற பெயருக்குப் பெருமை சேர்த்தவர்களும் கடலால் உயர்ந்தவர்களே. கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரக்கார்கள் பல்லாண்டுகள் போர்ச்சுகீசியரை எதிர்த்தனர். 1538இல் மரக்கார்களின் படைக்கும் போர்ச்சுகீசியருக்கும் நடந்த பெரும்போர் நம் வேதாளைக் கரையில்தான் நிகழ்ந்தது. அதில் மரக்கார்கள் தோற்றனர். நான்காம் குஞ்ஞாலி 1600இல் கோவாவில் கொல்லப்பட்டார். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கீழக்கரையில் வாழ்ந்த ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயரைச் சீதக்காதி வள்ளல் என்று தமிழகம் அறியும். டச்சுக்காரரோடு வாணிபம் பேசியவர், கிழவன் சேதுபதியின் அவையில் செல்வாக்குப் பெற்றவர், உமறுப்புலவரை ஆதரித்தவர். பரங்கிப்பேட்டையிலிருந்து சென்ற காதர் முகைதீன் மரைக்காயர், பினாங்கில் 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் எழக் காரணமானார். அங்கே இப்பெயர் மெரிக்கன் என்று மாறிவிட்டது. இலங்கையில் மரிக்கார், மாக்கான் மாக்கார், கேரளத்தில் மரக்கார், பிரெஞ்சு ஆட்சி நடந்த காரைக்காலில் மரிக்கார். எழுதிய குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி.

பெயர் தொழிலைக் காட்டுமேயன்றிப் பிரிவைக் காட்டாது என்பதற்கு நம் வீட்டுச் சான்றே போதும். 1816இல் காயல்பட்டினத்தில் பிறந்து 1898இல் கீழக்கரையில் மறைந்த இமாமுல் அரூஸ் (ரஹ்) அவர்களை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என்றே மக்கள் அழைத்தனர். கடலோடி வணிகர் நிறைந்த அதே ஷாஃபிஈ சமுதாயத்தவர்தாம் அவர்கள். ஓதிக்கொடுப்பவர் லெப்பை, கலம் செலுத்துபவர் மரைக்காயர். இந்த இரண்டையும் பின்னாளில் ஒன்றுக்கொன்று பெண் கொடுக்கத் தயங்கும் இரு குலங்களாக்கிக்கொண்டவர்கள் நாமே.

ஷாஃபிஈ சட்ட நூல்கள் திருமணப் பொருத்தத்தில் வம்சத்தையும் தொழிலையும் கருதுகின்றனவே என்று கற்றவர்கள் கேட்கலாம். உண்மை. ஆனால் அது பெண்ணுக்கும் அவளுடைய வலிக்கும் உரிய உரிமை. இருவரும் இசைந்தால் நிக்காஹ் செல்லும். குறைஷிப் பெண்ணான ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களுக்கு, விடுதலை பெற்ற அடிமையின் மகனான உஸாமா (ரலி) அவர்களை மணக்குமாறு நபி (ஸல்) அவர்களே அறிவுறுத்தியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மேலும் அந்நூல்கள் பேசும் வம்சம், தந்தை வழியில் நிறுவப்பட்ட வம்சம். பட்டப்பெயர் அதற்குச் சான்றாகாது. நிறுவ இயலாத வம்சத்தை உரிமை கொண்டாடுவது எத்தனை கடுமையாகக் கண்டிக்கப்பட்டுள்ளது என்பதை ஹதீஸ் பயிலும் மாணவரும் அறிவார். தொழிலை வைத்து அளந்தால் படகோட்டிக்கு எவ்விடம் கிடைக்கும் என்பதை, அளக்க விரும்புவோரே பார்த்துக்கொள்ளட்டும்.

இக்காலத்தில் இப்பெயர் நம்மிடையே அருகி வருகிறது. தந்தையின் பெயரை முதலெழுத்தாக முன்னே இடுவது தமிழக வழக்கம்; குடும்பப் பெயருக்கு அதில் இடமில்லை. மனிதரை அவரவர் தந்தையின் பெயரால் அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் பணிப்பதோடு இவ்வழக்கம் பொருந்தியும் வருகிறது. இராமேஸ்வரம் ஜைனுலாப்தீன் மரைக்காயர் ஒரு படகின் உரிமையாளர். அங்குள்ள பள்ளிவாசலின் இமாமாகவும் இருந்தார். பெயரின் பழம்பொருளுக்கு முற்றிலும் ஏற்றவர். அவருடைய புதல்வர் 2002இல் இந்தியக் குடியரசுத் தலைவரானபோது ஏ.பி.ஜே. அப்துல் கலாம் என்றே பதவியேற்றார். அம்மூன்று எழுத்துகளில் முன்னோரின் பெயர்கள் இருந்தன. மரைக்காயர் இல்லை.