தலைகீழ்ப் பிரமிடு

செய்தியின் முக்கிய விவரத்தை முதலிலும் பின்னணியைக் கடைசியிலும் வைக்கும் கட்டுரை அமைப்பு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்க நாளிதழ்களில் உருப்பெற்றது. 1865இல் லிங்கன் சுடப்பட்டபோது போர்த்துறைச் செயலர் எட்வின் ஸ்டான்டன் அனுப்பிய தந்திகளை இதன் முன்னோடியாகக் காட்டுவோர் உண்டு. தந்தி பாதியில் அறுந்துவிடும் என்ற அச்சமே இதைப் பிறப்பித்தது என்பது வழக்கமான விளக்கம். 1844இலேயே அமெரிக்காவில் தந்தி வந்தும், இவ்வமைப்பு பரவப் பல பத்தாண்டுகள் ஆனதால் அதை முழுதாக ஏற்க இயலாது. இது நிலைத்ததற்கு எளிய காரணம், இடம் போதாதபோது உதவி ஆசிரியர் அடியிலிருந்து வெட்டலாம் என்பதே.

இந்த வசதி சம்பளச் செய்தியாளரைவிடச் சுதந்திரப் பத்திரிகையாளருக்கே அதிகம் உதவுகிறது. வெட்டும் நேரத்தில் அவர் அலுவலகத்தில் இருப்பதில்லை. எது போனால் கட்டுரை குலையும் என்பதை அமைப்புதான் சொல்ல வேண்டும். ஆகவே, வெட்டினாலும் பிரியாதபடி, ஒரு தகவலும் அதைச் சொன்னவர் பெயரும் ஒரே வாக்கியத்தில் நிற்பது நல்லது. இவ்வமைப்பால் கதைச்சுவை கெடுகிறது என்ற மறுப்பு நியாயமானதே. 1941இல் பெர்னார்ட் கில்கோர் நிர்வாக ஆசிரியரான பிறகு, வால் ஸ்ட்ரீட் ஜர்னலின் முதல்பக்கக் கட்டுரைகள் வேறு வழியில் வளர்ந்தன: ஒரு மனிதரிடமோ காட்சியிலோ தொடங்கி, சில பத்திகளுக்குள் ‘இது இப்போது ஏன் முக்கியம்’ என்று கூறுவது. அங்கும் சாரம் மேற்பகுதியிலேயே இருக்கிறது. ஆசிரியருக்கு அனுப்பும் முன்மொழிவுக் கடிதம் பெரும்பாலும், ‘ஏன் முக்கியம்’ என்று கூறும் அந்தப் பத்தியின் விரிவுதான். அதை எழுத வரவில்லையென்றால், கையில் இருப்பது தலைப்பு மட்டுமே, கட்டுரை அல்ல.